பழைய பென்ஸின் பெயின்டும் வீலும்: மலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

என்னிடம் இருப்பது 1996 மாடல் பென்ஸ் கார், டபிள்யூ124 வகையில் இ220. பென்ஸ் 1995-ல் புனேயில் தயாரிக்கத் தொடங்கிய முதல் மாடல் இதுதான். வண்டி ஊட்டியில்தான் நிற்கிறது, மழையும் மஞ்சும் வெயிலும் பட்டுத்தான் வாழ்கிறது. அதன் பெயின்டோடும் வீலோடும் பல வருடம் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, அப்பா வைத்திருந்த கருப்பு இ220. பானட்டும் டாப்பும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. டிங்கரிங் கடையில் "முழுசா அடிச்சிடலாம்" என்கிறார்கள். அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, முதலில் பார்ப்போம். வெளுத்திருப்பது வேறு, உரிந்திருப்பது வேறு. வெயிலில் வெந்த தோல் மாதிரி ஓரத்தில் ஏடு ஏடாக உரிகிறதா? அப்படியானால் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே பூசும் நிறமில்லாத காப்புப் பூச்சு, போய்விட்டது, எந்த பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டு வராது, அந்த பேனலை மட்டும் அடிக்க வேண்டியதுதான். உரியாமல் மங்கலாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் மேலே கிளியர் இல்லாத பெயின்ட், ஒட்டாவிட்டால் கிளியர் இருக்கிறது.

அடுத்து, பெயின்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டர். இது இல்லாமல் பழைய வண்டியின் மேல் பாலிஷ் மெஷினை வைக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமாராக 100-லிருந்து 150 மைக்ரான்தான், அதில் கிளியர் 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு தடவை கம்பவுண்ட் (பெயின்டைத் தேய்த்தெடுக்கும் பசை) போடும்போதும் அதில் சில மைக்ரான் போய்விடுகிறது, திரும்ப வராது. 250-க்கு மேல் காட்டினால் யாரோ ஏற்கெனவே அடித்திருக்கிறார்கள், 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறாக 80, 90 என்று காட்டினால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ நிறையத் தேய்த்துவிட்டார்கள், அங்கே கையால் மெதுவாக பாலிஷ் போட்டு மெழுகு பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் டாப் மட்டும் ஏன் இப்படிப் போகிறது என்றால், ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது, ஊட்டி இருப்பதோ 2,240 மீட்டரில். குளிராக இருப்பதால் வெயில் உறைக்கவில்லை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம், பெயின்டுக்கு அந்தக் குளிர் தெரியாது. ராத்திரி முழுக்க ஈரம், காலையில் அந்த ஈரத்தின் மேலேயே வெயில். அப்பா வண்டி என்கிறீர்கள், அந்தக் கருப்பு புனேயில் பூசின கருப்பாகவே இருந்தால் அதைக் காப்பாற்றப் பாருங்கள். ஒரு பேனல் அடிக்க வேண்டி வந்தாலும் கம்பெனி அந்த நிறத்துக்குக் கொடுத்த எண் தெரியவேண்டும்: பானட்டைத் தூக்கினால் ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டில் இருக்கும், சாதாரணக் கருப்பு 040.

கேள்வி (குன்னூர்): சார், வீட்டிலேயே பாலிஷ் போட எந்த மெஷின் வாங்கலாம்? ரோட்டரி விலை குறைவாகக் கிடைக்கிறது.

பதில்: டி.ஏ. மெஷின் வாங்குங்கள், அது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். ரோட்டரி ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும், அதற்குப் பழகின கை வேண்டும். பல வருடத்துக்கு முன் கீழே ஒரு கடையில் என் வண்டியை பாலிஷுக்கு விட்டேன், பானட்டின் நடுமேட்டில் மெஷினை அழுத்திப் பிடித்து ஒரு சாண் நீளத்துக்குப் பிரைமர் தெரிய வைத்துவிட்டார்கள். மேடு, விளிம்பு, கதவு ஓரம் எல்லா இடத்திலும் பெயின்ட் மெலிசாகத்தான் படிந்திருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையால் செய்யுங்கள்.

முதலில் நன்றாகக் கழுவி, கிளே கட்டி (களிமண் மாதிரி மெத்தென்ற கட்டி) தேய்த்து ஒட்டியிருக்கும் அழுக்கை எடுங்கள். விரல் ஓட்டினால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். அப்புறம் மெல்லிய பேட், மெல்லிய பாலிஷ், இரண்டடிச் சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். அது போதவில்லை என்றால்தான் அடுத்த கடினத்துக்குப் போகவேண்டும். நிறையப் பேர் தலைகீழாக, கடுமையான கம்பவுண்டில் ஆரம்பிக்கிறார்கள். முடித்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும், இரண்டு மழைக்கு அப்புறம் எல்லாம் திரும்ப எட்டிப் பார்க்கும்.

கேள்வி (குன்னூர்): குரங்குகள் டாப்பில் சறுக்கி விளையாடி ஒரே கீறல். போகுமா?

பதில்: கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டாவிட்டால் பாலிஷில் போய்விடும். மாட்டினால் அதைத் துரத்தாதீர்கள். முழுக்கப் போக்க வேண்டுமென்று 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டால் அந்த இடத்துக் கிளியரே காலியாகிவிடும். ஓரங்களை மழுக்கினாலே தள்ளி நின்று பார்க்கும்போது தெரியாது, அது போதும்.

கேள்வி (கூடலூர்): சில்வர் ஓக் மரத்தடியில்தான் நிறுத்த முடிகிறது. பிசினும் பறவை எச்சமும்.

பதில்: எச்சத்தை அன்றைக்கே ஈரத்துணியை ஊறப்போட்டு எடுத்துவிடுங்கள், காய்ந்ததைச் சுரண்டக்கூடாது. பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், அதற்கப்புறம் கொஞ்சம் மெழுகு.

கேள்வி (ஊட்டி): அண்ணா, ஃபெண்டர் ஒன்று அடித்தே ஆகவேண்டும். டிசம்பரில் இங்கேயே ஷெட்டில் அடித்தால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இரண்டு பாகம் கலக்கும் கிளியர் ஒழுங்காக இறுக 20 டிகிரியாவது வேண்டும். டிசம்பர் ராத்திரி இங்கே உறைபனி விழுகிறது. தகடு சில்லிட்டுக் கிடக்கும்போது அடித்தால் ஈரம் மேலே படிந்து பால் ஊற்றின மாதிரி வெளுக்கும், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் இறுகாமல் நகம் பட்டாலே தடம் விழும். வேகமான ஹார்டனர் (கிளியரை இறுக வைக்கக் கலக்கும் இரண்டாம் பாகம்) போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், ஈரத்துக்கு அது பதில் இல்லை. நான் என் ஃபெண்டரைக் கழற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், 60 டிகிரியில் சுடும் பெயின்ட் அறையில்தான் அடித்தேன். இன்னொன்று, அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும். ஷெட்டில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையனை நினைத்துப் பாருங்கள், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள்.

நிறத்தையே மாற்றலாமா என்றும் இருவர் கேட்டிருந்தார்கள். ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் அதையும் மாற்றி எழுத வேண்டும்.

கேள்வி (குன்னூர்): சார், அலாய் வீலில் கிளியருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். மேலே பழுப்புப் புள்ளிகள் வேறு. பவுடர் கோட்டிங் போடலாமா?

பதில்: இரண்டும் தனித்தனி நோய். பழுப்புப் புள்ளி பிரேக் தூசி, அதாவது இரும்புத் துகள். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கிவிட்டு வீலைப் பாருங்கள், சூட்டோடு அப்பியிருக்கும். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிமானத்தில் இறங்கினால் பாதி குறையும், பிரேக்கும் பிழைக்கும். இறங்கிய கையோடு தண்ணீர் அடிக்காதீர்கள், கொதிக்கும் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும். ஆறவிட்டு அயர்ன் ரிமூவர் (இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்) அடித்தால் ஊதாவாக மாறி வழியும். நாற்றம் அடிக்கும், ஆனால் வேலை செய்யும். ஓடைக்குப் பக்கத்தில் வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள், கீழே யாரோ அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். கடையில் ஆசிட் ஊற்றிக் கழுவ வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

வெள்ளைக் கோடு வேறு கதை. கல் பட்டோ, டயர் மாற்றும்போது கம்பி பட்டோ கிளியர் விரிசல் விட்டு, அதற்குள் ஈரம் போய் அலுமினியம் அரிக்கிறது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே அது ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். முழு பெயின்டையும் மருந்து வைத்து உரித்து, அரிப்பைச் சுத்தமாக எடுத்து, பிரைமரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முரட்டு மணல் அடித்து உரிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள், தோல் முழுக்கக் குழியாகிவிடும்.

பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியைத் தூவிச் சுடுவது, நல்லதுதான். ஆனால் அதை 180, 200 டிகிரியில் சுடுகிறார்கள். சூட்டையும் நேரத்தையும் ஒழுங்காகக் கணக்கு வைக்கிற இடத்தில் கொடுங்கள், அதிகம் சுட்டால் அலாயின் பலம் குறையும். அதைவிட முக்கியம்: போல்ட் உட்காரும் குழியிலும், ஹப்பில் ஒட்டும் பின்பக்கத்திலும் கோட்டிங் படியவே கூடாது. தடிமனாகப் படிந்தால் ஓட ஓட அது நசுங்கும், போல்ட் தளரும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் வீல் போல்ட் தளர்வதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். இரும்பு வீலின் போல்ட் குட்டையாக இருக்கும், அதை அலாயில் போடாதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி): வெள்ளை வண்டி, பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: ஜாக்கி வைக்கும் நான்கு ஓட்டைகளின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சேறு அடைத்து, அது உறிஞ்சி வைத்த ஈரத்தில் துரு ஆரம்பித்திருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னாலும், பின்கண்ணாடியின் கீழ் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பளபளக்கும் வண்டியில்தான் இதை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி (ஊட்டி): இந்த வருடம் கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும். பெயின்டா, வீலா?

பதில்: வீல். 15 அங்குல அலாயில் 195/65 டயர் போட்டிருப்பீர்கள், அந்த டயர் எந்த வருடத்தது என்று பக்கவாட்டில் நான்கு எண்ணாகப் போட்டிருக்கும், கடைசி இரண்டும் வருடம். அதையும் வீலைக் கழற்றும்போதே பார்த்துவிடுங்கள். பெயின்டுக்கு இப்போதைக்கு மெழுகு போதும். ஈர வண்டியின் மேல் தார்ப்பாய் கவரை மட்டும் இழுத்துப் போடாதீர்கள், திறந்தே நிற்கட்டும்.