ரத்தத்தில் இல்லாத நோய் குடலில் இருக்குமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 24. ஓசூரில் தொழிற்சாலை வேலை. இரண்டு வருடங்களாக ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்ற பெருங்குடல் புண்ணுக்கு மெசலமின் மாத்திரை சாப்பிடுகிறான். மூன்று வாரமாக நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறது, சளியும் ரத்தமுமாக. ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 2 தான். ‘ரத்தம் நார்மல், இது மூலமாக இருக்கும்’ என்கிறார்கள் உறவினர்கள். டாக்டரோ மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். மகன் முடியவே முடியாது என்கிறான். ரத்தத்தில் இல்லாத நோய் குடலில் எப்படி இருக்கும், டாக்டர்? போன தடவை எடுத்த அறிக்கையையும் இந்தத் தடவை எடுத்ததையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இருக்கும், அம்மா. உங்கள் மகன் விஷயத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மூலம் என்று முடிவுகட்டி நாட்களைக் கடத்தாதீர்கள். மூலத்தில் ரத்தம் வரும். தினமும் ஆறு தடவை சளியோடு வயிறு போகாது.

சி.ஆர்.பி. குடலில் உருவாகும் பொருள் அல்ல. அதைத் தயாரிப்பது கல்லீரல். உடம்பில் எங்காவது அழற்சி மூண்டால், அங்கே கூடும் எதிர்ப்பணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அவை போதிய அளவில் ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டினால்தான் சி.ஆர்.பி. ஏறும். க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் குடல்சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவதால் அதில் பெரும்பாலும் நன்றாக ஏறிவிடும். உங்கள் மகனுக்கு வந்திருப்பதோ பெரும்பாலும் உள்சவ்வோடு நின்றுவிடும் நோய். அதுவும் மலக்குடலை ஒட்டி மட்டும் இருந்தால், ரத்தம் போய்க்கொண்டே இருந்தாலும் சி.ஆர்.பி. அசையாமல் கிடக்கலாம். பிறவியிலேயே சி.ஆர்.பி. அதிகம் சுரக்காதவர்களும் உண்டு. என்னிடம் வரும் ஓர் ஆசிரியைக்கு, புண்கள் கண்ணெதிரே தெரிந்த நாளிலும் அது 1 தான். புது டாக்டர் யாரும் ஏமாந்துவிடக் கூடாதென்று, ‘எனக்கு சி.ஆர்.பி. ஏறாது’ என்று ஃபைல் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் இரண்டு வருடத்துக்கு முந்தைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள். நோயைக் கண்டுபிடித்த அன்று சி.ஆர்.பி. எவ்வளவு? அன்றைக்கே 2, 3 என்று இருந்திருந்தால், இன்றைய 2-ஐ நம்பி நிம்மதியடைய வழியில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் சி.ஆர்.பி.யைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள். அதே பக்கத்தின் மேல் வரிகளைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 11.1. போன அறிக்கையில் 13.2. தட்டணுக்கள் 4 லட்சத்து 80 ஆயிரம். அதே அறிக்கை போட்டிருக்கும் மேல் வரம்பு நாலரை லட்சம். அழற்சியிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் தட்டணுக்கள் கூடும். ஆக, ரத்தம் நார்மல் என்பதே சரியில்லை, அம்மா. ரத்தம் பேசியிருக்கிறது, நாம் வேறு வரியைப் படித்துக்கொண்டிருந்தோம். உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கச் சொன்னால் இதையும் நினைவில் வையுங்கள்: அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அப்போது 60, 70 என்று வந்தாலும் உள்ளே இரும்பு வற்றியிருக்கலாம்.

அடுத்து மலத்தில் கால்புரொடெக்டின் பார்க்கச் சொல்லுங்கள். அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் புரதம். அந்த அணுக்கள் குடலுக்குள் இறங்கினால் மலத்தோடு வெளியே வரும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் அமைதி. 250-ஐத் தாண்டினால் அழற்சி என்று எடுத்துக்கொள்கிறோம். கிருமித் தொற்றிலும், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளாலும் இது ஏறும். ஆகவே தொற்று உண்டா என்று கூடவே மலப் பரிசோதனை செய்ய வேண்டும். தம்பி உடம்புவலிக்கு மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். போட்டால் இந்த நோயே அதனால் கிளம்பக்கூடும்.

குழாய்ப் பரிசோதனைக்கு அவர் பயப்படுவது நியாயம்தான். முதல் தடவை லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்துப் பட்ட பாடு மறந்திருக்காது. ஆனால் இப்போதைய கேள்விக்கு முழுக் கொலோனோஸ்கோபி தேவைப்படாமலே போகலாம். இடது பக்கக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபிக்குப் பெரும்பாலும் எனிமா போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘அதுவே போதுமா, டாக்டர்?’ என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நோய் முற்றியதை அறிய ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் கையாள்கிறோம். ரத்தத்தோடு நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் போவதோடு, காய்ச்சல், நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் இறங்குவது, ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தைச் சொல்லும் இ.எஸ்.ஆர். 30-ஐத் தாண்டுவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது. தம்பி ஆறின் விளிம்பில் நிற்கிறார். இன்றிரவே நாடியையும் காய்ச்சலையும் பாருங்கள். இரண்டில் ஒன்று கூடியிருந்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எனக்கு க்ரோன்ஸ் நோய். திங்களன்று ஒரு லேபில் சி.ஆர்.பி. 0.8. புதனன்று வேறு லேபில் 8. இரண்டே நாளில் பத்து மடங்கா? தூக்கமே போய்விட்டது.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் ஒன்றுதான், தம்பி. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முதல் லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இரண்டாவது, லிட்டருக்கு மில்லிகிராம். 0.8-ஐப் பத்தால் பெருக்கினால் 8. இனி ஒரே லேபில் எடுங்கள். ஆனால் 8 என்பதும் நாங்கள் எதிர்பார்க்கும் 5-ஐவிடக் கூடுதல். கடந்த பத்து நாட்களில் சளி, காய்ச்சல், பல் வீக்கம் ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். இருந்திருந்தால் அது தணிந்தபின் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அடுத்த தவணைவரை பொறுக்காமல் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.