மலை ஆபத்தா, காணி எங்கே?

அன்புள்ள ஐயா,

நான் பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் எங்கள் இளைஞர்கள் கோயில் மண்டபத்தில் ‘ஜனநாயகத்தில் உண்மை’ என்று ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். பேச்சு நேரே எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற மலைக்குப் போய்விட்டது. டித்வா புயலுக்குப் பிறகு அந்த இடம் ஆபத்து என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர், எங்களைக் கிளப்பிவிட்டுக் காணியை எடுக்கக் கம்பெனி பார்க்கும் வேலை என்கிறார்கள். இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். கடைசியில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் எழுந்து, “எது உண்மைன்னு யாருக்குத் தெரியும், நமக்கு ஒத்துமதான் முக்கியம்” என்று முடித்துவிட்டார். படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டால் போதாதா? உண்மையா, ஒற்றுமையா, எதை முதலில் பிடிப்பது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வரும்போது ஆட்கள் எழுந்து போய்விடுகிற கூட்டங்களே இங்கே அதிகம். நீங்கள் சண்டை வருமளவுக்குப் பேசியிருக்கிறீர்கள். நல்லது.

தலைவரைச் சட்டென்று ஒதுக்கிவிடாதீர்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1949 முடிவதற்குள் பிரஜாவுரிமையும் வாக்கும் கையைவிட்டுப் போயின. அப்படி அடிபட்ட சனத்துக்குப் பிரிந்து நிற்பதென்றால் பயம் இருக்கும். ஆனால் ஒற்றுமையின் பேரில் ஒரு கேள்வியை மூடிவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழை சங்கத்தின் சந்தாப் பட்டியலைப் பார்த்துப் பெய்வதில்லை.

உங்கள் யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தெரிந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் தோட்டக் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியிடம், லயக் காம்பராவோ வேலையோடு ஒட்டிக்கொண்டது. போக இடம் காட்டாமல் ‘இந்த இடம் ஆபத்து’ என்றால், கேட்பவர் காதில் ‘வெளியே போ’ என்றுதான் விழும். சரிவுக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. காணாமல்போனவர்கள் இருநூறு, முந்நூறு என்று முதல் நாட்களில் சொன்னார்கள். பிறகு அது நாற்பதுக்குள் இறங்கியது. அந்த லயங்களில் யார் யார் இருந்தார்கள் என்பதற்குக்கூட, எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒரு கணக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

உங்கள் மண்டபத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பிசைந்து கிடந்தன என்று நினைக்கிறேன். மலை ஆபத்தா என்பது ஒன்று. ஆபத்தென்றால் எங்கே போவது, காணியை யார் தருவது என்பது மற்றது. முதலாவதை மறுக்கிறவர்களில் பலர் உண்மையில் இரண்டாவதற்காகத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டையும் பிரித்துத் தனித்தனியே பேசுங்கள். அதிலேயே பாதிச் சத்தம் அடங்கும்.

மீதிக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தைப் பாருங்கள். தண்ணிக்கு, சாக்குக்கு என்று எத்தனை கிலோ கழிப்பது என்பதில் காலங்காலமாகச் சண்டை. குறைந்தால் அரைப்பேர் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான், சும்மாவா? நிறுக்கிறவரும் கொழுந்து எடுத்த அம்மாவும் ஒருவரையொருவர் நம்பவேண்டிய அவசியமில்லை. தராசு இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவேண்டும், அவ்வளவுதான். பொதுத்தளம் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதற்கு நான் கேட்பது இவ்வளவே. கருத்து ஒன்றாக வேண்டாம். எப்படிச் சரிபார்ப்பது என்பதில் ஒத்துவந்தால் போதும்.

எதை ஆதாரமாக எடுப்பது என்பதை மேலே இருப்பவர்கள் மட்டும் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில், வம்சாவளிப் பிரஜையாக இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? 2003இல் வந்த சட்டத்துக்கோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர், அல்லது அவர் வழி வந்தவர் என்றால் போதும். பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அதற்கு 55 வருடத்துக்கு முன்பும் இதே ஆட்கள்தான் இங்கே இருந்தார்கள். எதைக் காட்டினால் நம்புவார்கள் என்பதுதான் மாறியிருந்தது.

அதனால் அதிகாரியின் அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்களிடமும் கேளுங்கள். புதிய வெடிப்பு எங்கே, எந்த ஊற்று கலங்கி வருகிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாணவர்களே எழுதலாம்.

அறிக்கையைக் கையில் எடுக்கவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரஜைகளுக்கு உரியது. நம்மில் பலருக்கு 2003க்கு முன் அது வந்திருந்தால் பிரயோசனமில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எங்கள் மலையை எப்போது பரிசோதித்தீர்கள், எந்தெந்த லயங்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று ஒரு விண்ணப்பம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. மாற்றுக் காணி எங்கே என்று தனியாக ஒன்று பிரதேச செயலகத்துக்கு. அறிக்கையை நம்புகிறவர் ஒன்றையும், கம்பெனி வேலை என்கிறவர் மற்றதையும் கையெழுத்திட்டு அனுப்பட்டும். என்ன பதில் வந்தால் யார் தன் பேச்சை மாற்றிக்கொள்வார் என்பதை அனுப்புவதற்கு முன்பே எல்லார் முன்னாலும் பேசி எழுதிவையுங்கள். பதில் வந்த பிறகு பேசினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

தலைவரிடமும் ஒரு வேலையைக் கொடுங்கள். இரண்டாவது விண்ணப்பத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். வேலை நாளில் பின்னேரம் வைத்தால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள்.