மருந்துக்கடை அக்கா பதில்கள்: மீன் எண்ணெயா, கிரில் எண்ணெயா?

தண்டையார்பேட்டையில் 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவள், டாக்டர் இல்லை. அம்மா காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 52. துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து பயந்துபோய் இரண்டு வருடமாக மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறேன். 60 மாத்திரை 600 ரூபாய். இப்போது சிங்கப்பூரிலிருந்து வந்த மகள் கிரில் எண்ணெய் வாங்கி வந்திருக்கிறாள். 60 மாத்திரைக்கு நம் பணத்தில் 2,400 ரூபாய் ஆனதாம். "இது மூணு மடங்கு நல்லதுப்பா, பழசைத் தூக்கிப் போடு" என்கிறாள். இரண்டு பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதைப் போடட்டும்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அண்ணா, பாட்டிலின் பின்பக்கத்தையும் சேர்த்து போட்டோ எடுத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். அங்கே பெரிய எழுத்தில் இருக்கும் 1000 மி.கி. என்பது எண்ணெயின் மொத்த எடை. நமக்கு வேண்டிய சரக்கு அதற்குள் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்புகள். உங்கள் மீன் எண்ணெயில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி. மகள் வாங்கி வந்த 500 மி.கி. கிரில் மாத்திரையில் 60-ம் 30-ம், மொத்தம் 90 மி.கி.

இனி கணக்கு சுலபம். மீன் எண்ணெயில் 300 மி.கி. கிடைக்க ஒரு மாத்திரை போதும், 10 ரூபாய். கிரில்லில் அதே 300 கிடைக்க மூன்று மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும், சுமார் 133 ரூபாய். அதாவது 13 மடங்கு விலை.

மகள் சொன்னதும் சும்மா வந்த பேச்சு இல்லை. கிரில் என்பது அண்டார்டிக் கடலில் கூட்டம் கூட்டமாக வாழும் ஒரு சின்ன உயிரி. நம் வீட்டில் கத்திரிக்காயோடு போட்டு வறுப்போமே சென்னாக்குன்னி, பார்க்க அந்தச் சாயலில் விரல் நீளம் இருக்கும். அதன் எண்ணெயில் ஒமேகா 3-ன் ஒரு பங்கு பாஸ்போலிப்பிட் என்ற வேறு வகைக் கொழுப்போடு ஒட்டியிருக்கிறது. இது உடம்பில் சுலபமாகச் சேரும் என்பதுதான் விற்கிறவர்களின் வாதம். சில சிறிய ஆய்வுகளில் கிரில் எடுத்தவர்கள் ரத்தத்தில் ஒமேகா 3 கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மை. இரண்டிலும் ஒரே அளவு இ.பி.ஏ., டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை; சிலவற்றில் வித்தியாசமே இல்லை. 13 மடங்கு விலைக்கு ஈடாக எதுவும் அதில் இல்லை. கிரில் மாத்திரையின் சிவப்பு அஸ்டாசாந்தின் என்ற நிறமி. இறாலைச் சுடும்போது சிவக்கிறதே, அதே நிறமிதான். எண்ணெய் கெடாமல் இருக்க அது உதவும். மாத்திரையில் இருக்கும் துளி அளவுக்காகத் தனியாகக் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, திமிங்கலம், பென்குயின், சீல் எல்லாம் கிரில்லை நம்பித்தான் வாழ்கின்றன. அவற்றின் தட்டிலிருந்து நாம் எடுக்கிறோம் என்பது என் மனதை உறுத்துகிறது.

இப்போது முக்கியமான விஷயம். மாரடைப்பு பயத்துக்கு இந்த இரண்டில் எது உதவும்? 2018-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று பிரிட்டனில், 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் சுமார் ஏழு வருடம் நடந்தது. இன்னொன்று அமெரிக்காவில், 25,871 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் நடந்தது. இரண்டிலும் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை. அதுவும் உங்களுடையதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வீரியமானது. மாரடைப்பு, பக்கவாதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கிரில் எண்ணெய்க்கு இந்த அளவில் ஒரு ஆய்வுகூட நடக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து 26 வருடம் இந்த மாத்திரையை விற்றவள் சொல்கிறேன் அண்ணா: அப்பாவின் மாரடைப்பை நினைத்துப் பயந்தால் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். பீடி சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே. ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

ஒமேகா 3 வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரவேண்டிய வழி வேறு. அமெரிக்க இதய சங்கம் வாரம் இரண்டு முறை மீன், அதிலும் எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடச் சொல்கிறது. நம் மத்தி, கானாங்கத்தை எல்லாம் அந்த ரகம். 100 கிராம் மத்தியில் சுமார் ஒரு கிராம் ஒமேகா 3 இருக்கும், மீன் கொழுத்திருக்கும் காலத்தில் அதற்கும் மேல். உங்கள் மாத்திரையில் மூன்றுக்குச் சமம். கூடவே புரதமும் வருகிறது, கால்சியமும் வருகிறது. குழம்பாக வையுங்கள். மத்திக் குழம்பு ஆறினதும் மேலே மஞ்சளாக ஒரு ஏடு மிதக்கும் பாருங்கள், அதில் பாதி நாம் ஊற்றிய நல்லெண்ணெய், மீதி மீன் விட்ட கொழுப்பு. சோற்றில் பிசைந்தால் அதுவும் வயிற்றுக்குள் போய்விடும். பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பங்கு சட்டியிலேயே தங்கிவிடும்.

மத்தி வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்துவார். விரல் பட்ட இடம் குழியாமல் எழும்பி வந்தால் கூடையில் போடுவார். மத்திக்கு முதலில் கெடுவது வயிறு. வெயில் ஏறினால் வெடித்தே போகும். "பதினோரு மணிக்கு மேல மத்தியைத் தொடாதே" என்பார். காரணம் அப்போது தெரியாது. காரணங்களில் ஒன்று காலேஜில் படித்தபோது புரிந்தது. இதயத்துக்கு நல்லது என்று நாம் தேடும் கொழுப்புதான் காற்றும் வெயிலும் பட்டால் மற்ற எல்லாக் கொழுப்புக்கும் முன்னால் சிக்கடித்துப் போகிறது.

மாத்திரைக்கும் இதே விதி. உங்கள் மீன் எண்ணெய் பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து ஊசியால் குத்தி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பாருங்கள். கடற்கரைக் காற்று மாதிரி மெலிதாக மீன் வாசம் வந்தால் சரி. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நெடி வந்தாலோ, தொண்டையில் காறினாலோ, குப்பையில் போடுங்கள். ஒரு மே மாதம் எனக்கு வந்த பெட்டியில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக இருந்தன. வேனிலேயே இரண்டு நாள் வெயிலில் கிடந்ததாம். சப்ளை செய்தவர், "தேதி இருக்கே மேடம், வித்துடுங்க" என்றார். முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பினேன். தேதியை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். சமையலறை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது.

ஆக, மகள் ஆசையாக வாங்கி வந்ததை வீணாக்க வேண்டாம். இறால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் அந்தப் பாட்டிலை முடியுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அப்புறம் இரண்டையும் மறுபடி வாங்காமல், வாரம் இரண்டு நாள் காலையில் காசிமேடு போய் வாருங்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 640 வந்தது. டாக்டர் தினம் 4 கிராம் ஒமேகா 3 எழுதிக் கொடுத்தார். விலை அதிகம். அதற்குப் பதில் கடையில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெயோ கிரில்லோ போடலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கூடாதும்மா. உங்கள் விஷயம் மேலே எழுதியவருடையது மாதிரி இல்லை. 150-க்குள் இருக்க வேண்டியது 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அதற்கு டாக்டர் எழுதியது மருந்து. சாதாரண மாத்திரையில் 4 கிராம் ஒமேகா 3 சேர்க்கப் பதின்மூன்று பதினான்கு விழுங்க வேண்டும், கிரில்லில் நாற்பதுக்கு மேல்.

மருந்தையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் சுத்திகரித்த இ.பி.ஏ. மட்டும் தினம் 4 கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. எல்லாரும் ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டவர்கள். 2020-ல் இ.பி.ஏ.-யும் டி.எச்.ஏ.-யும் கலந்து அதே 4 கிராம் கொடுத்த இன்னொரு ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த அளவில் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக ஆவதும் இரண்டிலும் கூடியது. படபடப்பு வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். விலை தாங்கவில்லை என்பதையும் அவரிடமே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். வேறு மருந்துகள் இருக்கின்றன.

வெறும் வயிற்றில் போடாதீர்கள். மதியச் சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும், மீன் ஏப்பமும் குறையும். இனிப்பு, கூல்டிரிங்ஸ், மூன்று வேளை வெள்ளைச் சோறு, இவற்றைக் குறைத்தாலே டிரைகிளிசரைடு இறங்கும். சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் எனக்கு உதடு வீங்கும். கிரில் எண்ணெய் போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம் தம்பி. கிரில் இறால் இனத்தோடு சேர்ந்தது. எண்ணெய்தானே என்று துணியாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். ஆளி விதைப் பொடி போதுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஆளி விதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வேறு ஒமேகா 3. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் இ.பி.ஏ.-யாக மாற்றும், டி.எச்.ஏ.-யாக மாறுவது இன்னும் குறைவு. ஆனாலும் நல்ல உணவு, தினம் ஒரு ஸ்பூன் மோரில் கலந்து குடியுங்கள். டாக்டர் டி.எச்.ஏ. வேண்டும் என்று சொன்னால் கடல்பாசி எண்ணெய் மாத்திரை கிடைக்கிறது. மீனுக்கே அந்தச் சத்து நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. மேல் உறை மிருகத்திலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று பாருங்கள், பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாம்.

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு கலந்ததைப் பார்த்ததிலிருந்து மீன் வாங்கவே பயமாக இருக்கிறது. மாத்திரைதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள்.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்தப் பயம் எனக்கும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரமே கறுத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன், அழுகை வந்தது. கழிமுகத்தில் பிடிக்கும் நண்டு, மட்டி, கடல் சிப்பி இவற்றை மருமகளுக்குக் கொடுக்காதீர்கள். சேற்றில் இருப்பதெல்லாம் அவற்றுக்குள் சேரும். கடலில் பிடித்து வரும் நெத்திலி, மத்தி, கானாங்கத்தை சின்ன மீன்கள், சீக்கிரம் வளர்ந்து முடிகிறவை. பாதரசம் அவற்றில் குறைவு. சுறா மாதிரிப் பெரிய மீன்களில்தான் அது ஏறிக்கொண்டே போகும், அவற்றைத் தவிர்க்கலாம்.

மருமகளுக்காக காட் லிவர் ஆயில் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. அதில் இருக்கும் வைட்டமின் ஏ அளவு கூடினால் கருவுக்குக் கெடுதல். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. கடையில் மாற்றிக் கேட்டு வாங்கிப் போகிறவர்களை வாரம் ஒருவராவது நிறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: தடைக்காலத்தில் மீன் விலை தொட முடியவில்லை. அந்த இரண்டு மாதம் மட்டும் மாத்திரை போடலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தேவையில்லை அண்ணா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. ஃபைபர் படகுகள் போகும். நெத்திலி கொஞ்சமாவது கரைக்கு வரும். மற்ற மாதங்களில் நன்றாகச் சாப்பிட்டிருந்தால் உடம்பில் சேர்ந்தது ஒரே வாரத்தில் தீர்ந்துவிடாது. ஒமேகா 3 ரத்தச் சிவப்பணுவின் சுவரிலும் போய் உட்காருகிறது, அந்த அணுவின் ஆயுளே சுமார் 120 நாள். கருவாட்டுக்குத் தாவினால் பிரஷர் இருக்கிறவர்கள் கவனம். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசி உப்பை இறக்கிவிட்டுத்தான் அம்மா குழம்பில் போடுவார், நானும் அப்படித்தான் செய்கிறேன்.