நான்கு சிலிண்டர் செடானுக்கு இரட்டை சைலன்சர்: பின்னால் இரண்டு வாய், நடுவில் ஒரே குழாய்

கேள்வி: என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். நான்கு சிலிண்டர், பின்னால் ஒற்றை சைலன்சர். இரட்டை சைலன்சர் பொருத்தினால் 15 குதிரைத்திறன் கூடும், பின்பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். அதற்குப் பம்பரையும் வெட்ட வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: பம்பரை வெட்ட விடாதீர்கள். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் நின்று குழாயை முன்னிருந்து பின்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே மேனிஃபோல்டில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு டர்போ, ஒரு டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் குழாய்), ஒரு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (நச்சுப்புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி), ஒரு நடுக்குழாய். கடைக்காரர் சொல்லும் 'இரட்டை' என்பது பின் அச்சுக்கு அப்பால் இந்த ஒரே குழாயைக் கவையாகப் பிரிப்பது மட்டும்தான். அதுவரை புகை ஒற்றைவழியில் நெருக்கியடித்துத்தான் வந்தாக வேண்டும். கடைசி ஒரு மீட்டரை அகலமாக்குவதால் முன்னால் உள்ள நெருக்கடி தீராது.

வி-6, வி-8 எஞ்சின்களில் இரண்டு பக்கமும் தனித்தனி சிலிண்டர் வரிசை இருப்பதால் இரண்டு குழாய்கள் இயல்பாகவே வருகின்றன. அந்தப் பெருமையைத்தான் உங்கள் வண்டியின் பம்பருக்குக் கீழே ஒட்டி விற்கிறார்கள்.

குழாய் அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. புகை போவது குழாயின் உள்பரப்பில், அந்தப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தகடு 1.5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், 2 அங்குலக் குழாய் ஒன்றின் உள்பரப்பு சுமார் 18 சதுர செ.மீ. இரண்டு போட்டால் 36. ஒற்றை 3 அங்குலக் குழாய்க்கு 42. அதாவது ஒரு பெரிய குழாய் இரண்டு சின்னக் குழாய்களை மிஞ்சுகிறது. அதோடு உள்சுவர் உராய்வும் குறைவு, எடையும் குறைவு. இரண்டாவது சைலன்சர் பெட்டி, அதற்கான வளைவு, தாங்கி எல்லாம் சேர்ந்து பின்பக்கம் பல கிலோ கூட்டும்.

அப்படியானால் நெருக்கடி எங்கே? அதை அளந்துவிடலாம். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆக்ஸிஜன் சென்சார் பிடிக்கும் அதே 18 மி.மீ. மரை கொண்ட இரண்டு புஷ்களை (உலோக வளையங்களை) வெல்டு செய்யுங்கள். இருக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அளக்க வேண்டாம். எச்சரிக்கை விளக்கு எரியும், எரிபொருள் கலவையும் மாறிவிடும். புஷ்ஷிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு பிரேக் லைன் போன்ற உலோகக் குழாய், அதன் பிறகு ரப்பர் குழாய், முடிவில் பிரஷர் கேஜ். ரப்பரை நேரடியாக மாட்டினால் சூட்டில் உருகிவிடும். சும்மா ஓடும்போது 1.5 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அலகு) மேலோ, வண்டியை நிறுத்திவைத்து நிமிடத்துக்கு 2500 சுழற்சிக்கு ஏற்றும்போது 3 பிஎஸ்ஐக்கு மேலோ காட்டினால் கன்வர்ட்டர் அடைபட்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். பிறகு டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் உருளை மேடை) முழு த்ராட்டில் கொடுத்து இரண்டு இடத்திலும் உச்ச அளவைக் குறியுங்கள். உதாரணத்துக்கு, கன்வர்ட்டருக்கு முன் 7, பின் 2 என்று வந்தால், பின்பகுதி முழுவதையும் கழற்றி எறிந்தாலும் மிச்சமாவது அந்த 2 மட்டுமே. 5 பிஎஸ்ஐ கன்வர்ட்டரில் உட்கார்ந்திருக்கிறது.

டர்போ எஞ்சினில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரமான டர்பைன், தனக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதத்தில் வேலை செய்கிறது. விகிதம் 2 என்றால், பின்னால் 1 பிஎஸ்ஐ குறைத்தால் மேனிஃபோல்டில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். எனவே உங்கள் பணம் டவுன்பைப்புக்கும் தரமான, அங்கீகாரம் பெற்ற, அதிகப் புகை கடத்தும் கன்வர்ட்டருக்கும் போகட்டும். பின்பகுதி கடைசியில் வரட்டும்.

'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) வேண்டும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகம். டர்போ இல்லாத வண்டியில் குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அந்த வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இழுவை சோரலாம். டர்போ இல்லாத 2 லிட்டருக்கு 2.25 முதல் 2.5 அங்குலமே தாராளம்.

இனி கடை விஷயம். இந்தத் தொழிலில் ஏமாற்று நடக்கும் இடங்கள் நன்றாகத் தெரிந்தவை. ஆனாலும் ஆண்டாண்டாக அதே இடத்தில் மக்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

முதலாவது, கவைப் பிரிப்பு. ஒழுங்கான வேலையில் குழாய் சரிசமமாக இரண்டாகப் பிரிந்து, மென்மையான கோணத்தில் விலகும். மலிவு வேலையில் இருக்கும் குழாயின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கிளையைச் செங்குத்தாக ஒட்டிவிடுவார்கள். புகை நேராகவே போகும், கிளைக்குள் திரும்பாது. இப்படி ஏற்கெனவே போட்ட வண்டியைக் காட்டச் சொல்லி இரண்டு வாய்க்குள்ளும் விரலை விட்டுத் தடவுங்கள். ஒன்றில் கரி கப்பென்று ஒட்டும். மற்றது வாங்கிய அன்று போலவே பளபளக்கும்.

இரண்டாவது, வளைவு. அழுத்தி வளைத்த குழாய் உள்பக்கம் சுருங்கி முட்டை வடிவமாகும். உள்ளே தாங்குகோல் விட்டு வளைக்கும் மேண்ட்ரல் வளைவில் விட்டம் மாறாது. காலிப்பர் கொண்டு வளைவின் நடுவில் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள். 3 அங்குலம் என்று விற்ற குழாய் வளைவில் 2.5 போல்தான் வேலை செய்யும்.

மூன்றாவது, '304 எவர்சில்வர்' என்ற பேச்சு. காந்தத்தை நேரான பகுதியில் வையுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் அது 304 அல்ல, பெரும்பாலும் மலிவு ரக எவர்சில்வரான 409. 409 மோசமான உலோகமல்ல, நிறைய தயாரிப்பாளர்களே அதைத்தான் போடுகிறார்கள். மேலே துரு படியும், ஆனால் நாள்பட உழைக்கும். 304-இன் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் நஷ்டம். வெல்டின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள் ஆர்கான் வாயு விடாமல் ஒட்டியிருந்தால் கருகிய சர்க்கரை போல் பொரிந்து நிற்கும், பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும்.

நான்காவது, டைனோ தாள். 250 குதிரைத்திறன் வண்டி ஒரே நாளில் ஓட்டத்துக்கு ஓட்டம் 5, 6 குதிரை மாறிக் காட்டுவது சகஜம். முதலில் சூடான எஞ்சினில் ஒரு ஓட்டம், பிறகு ஆறவைத்து ஒரு ஓட்டம் எடுத்தாலே 'லாபம்' வந்துவிடும். இடையில் மென்பொருளையும் மாற்றிவிட்டு மொத்தக் கணக்கையும் சைலன்சர் தலையில் எழுதுகிறவர்கள் உண்டு. மாற்றத்துக்கு முன் மூன்று, பின் மூன்று ஓட்டங்கள், அதே கியர், அதே பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கன்வர்ட்டரையே எடுத்துவிடலாம் என்ற யோசனையும் வரும். பல நாடுகளில் அது சட்டவிரோதம், கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 எச்சரிக்கையும் வரும், நச்சுப்புகை அப்படியே வெளியே போகும். வேண்டவே வேண்டாம்.

இரட்டை சைலன்சர் நியாயமாகும் ஒரு சூழல் உண்டு. 3 அங்குல ஒற்றைக் குழாயை அமைதியாக்கப் பெரிய பெட்டி வேண்டும். ஸ்டெப்னி பள்ளம், டேங்க், சஸ்பென்ஷன் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொண்ட செடானில் ஒரே பக்கத்தில் அவ்வளவு பெரிய பெட்டி அடங்காமல் போகலாம். அப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு பெட்டி வைத்தால் மொத்தக் கொள்ளளவு கூடும், ஒவ்வொன்றிலும் போகும் புகையின் அளவு பாதியாகும், சத்தம் இறங்கும். சில தயாரிப்பாளர்கள் ஒரு பக்கத்தில் வால்வும் வைக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது மூடிக்கொள்ளும், அழுத்தி மிதித்தால் திறக்கும். அப்படிப்பட்ட வண்டியில் வால்வு வயரைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஆக, இரட்டையின் நியாயம் அமைதிதான், குதிரைத்திறன் இல்லை.

அந்த அமைதிக்கும் எல்லை உண்டு. நின்ற நிலை சத்தச் சோதனையில் மைக்கை வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைக்கிறார்கள். வாய்கள் 30 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஒவ்வொன்றையும் தனியே அளந்து, பெரியதை மட்டும் எழுதுகிறார்கள். பிரித்த சத்தம் தாளில் ஓரிரு டெசிபெல் குறைவாகத் தெரியும். தெருவில் நிற்பவர் காதில் இரண்டும் சேர்ந்துதான் விழும். இதை மாற்றாமல் இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பார்களோ.

உங்களுக்குத் தொந்தரவு 2500 முதல் 3000 சுழற்சியில் வரும் ரீங்காரம் என்றால் அதற்கும் இரண்டாவது பெட்டி தேவையில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3000 சுழற்சியில் அது வினாடிக்கு 100 துடிப்பு. நடுக்குழாயில் முனை மூடிய, ஏறத்தாழ 1.1 மீட்டர் நீளக் கிளைக் குழாய் ஒன்றை ஒட்டினால் அந்தச் சுருதி அடங்கும். ரீங்காரம் வேறு சுழற்சியில் வந்தால் நீளமும் மாறும்: 2500-க்கு சுமார் 1.3 மீட்டர்.

டவுன்பைப் மாற்றிய பின் பூஸ்ட் அளவைப் பதிவு செய்து பாருங்கள். சின்ன வேஸ்ட்கேட் (டர்பைனுக்குப் போகாமல் புகையை விலக்கிவிடும் வால்வு) கொண்ட டர்போவில் அழுத்தம் நிர்ணயித்ததைத் தாண்டி ஏறக்கூடும், குறிப்பாகக் குளிர்காலத்தில். ஏறினால் த்ராட்டிலை விட்டுவிட்டு, எஞ்சின் மென்பொருளைச் சரிசெய்யும் ட்யூனரிடம் போங்கள். முதல் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவை நீர்த்துவிட்டதாகச் சென்சார் நினைத்து, எஞ்சின் வீணாகப் பெட்ரோல் சேர்க்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். குழாய்க்கும் பம்பருக்கும் 15 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், இரும்பு சூட்டில் நீளும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா கிளாம்ப்களையும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.