ஃபிரிட்ஜுக்குள் கறுக்கும் வாழைப்பழம்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கும் காய்கறி, பழங்கள் அனைத்தையும் வீட்டுக்கு வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுகிறேன். ஆயினும் வாழைப்பழம் கறுக்கிறது; உருளைக்கிழங்கு வறுவல் இனிப்பாகிக் கருகுகிறது; கொத்தமல்லி புதன்கிழமைக்குள் அழுகிவிடுகிறது. ஃபிரிட்ஜில் கோளாறு இருக்குமோ?
– ஒரு வாசகி, கரூர்.

பதில்: இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இவ்வளவும் நேர்கிறது. வீட்டு ஃபிரிட்ஜில் குளிர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். வாழையோ வெப்ப மண்டலப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதன் தோல் தாங்காமல் கறுத்துவிடும். நன்கு கனிந்த பழமாயின் கறுப்பு தோலோடு நின்றுவிடுவதால் தாராளமாக உண்ணலாம். காயாக உள்ளே வைத்ததோ, பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. மாங்காய்க்கும் செங்காய்த் தக்காளிக்கும் இதே கதிதான் என்பதால், அவை வெளியிலேயே பழுக்கட்டும். பழுத்தபின் ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம்.

உருளைக்கிழங்கு குளிரில் கிடந்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். வறுவல் இனிப்பதும் எண்ணெயில் இட்டதும் கருகுவதும் அதனால்தான். வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் கூடையிலோ சாக்கிலோ வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த கிழங்கில் சொலனின் என்னும் நச்சு கூடியிருக்கக்கூடும் என்பதால், அந்தப் பகுதியைத் தடிமனாகச் சீவி எறிய வேண்டும். கசந்தால் முழுக் கிழங்கையும் எறிவதில் கஞ்சத்தனம் கூடாது. வெங்காயத்தை அதே கூடையில் போடாதீர்கள். கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் அழுகத் தொடங்கும். அதிலும் சின்ன வெங்காயத்தை முறத்தில் பரப்பி வைப்பதே நல்லது.

கொத்தமல்லியைக் கெடுத்தது கழுவியதுதான். கீரைக்குச் சுற்றிலும் ஈரப்பதம் வேண்டும். இலைமேல் நீர் நிற்கக் கூடாது. கழுவாமல், பழுத்த இலைகளையும் அழுகிய தண்டுகளையும் நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் இட்டால் ஒரு வாரம் தாங்கும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வையுங்கள். முள்ளங்கியைத் தழையோடு வாங்கினால் அன்றே தழையை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தழையைப் பொரியல் செய்யலாம்.

கேள்வி: பழங்களுக்கு அருகில் வைக்கும் கீரையும் வெள்ளரிக்காயும் விரைவில் மஞ்சளாவது ஏன்?
– ஒரு வாசகர், தேனி.

பதில்: வாழை, மா, பப்பாளி, ஆப்பிள், தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்கவைப்பது இவ்வாயுவை வெளியேறவிடாமல் அடைத்துவைக்கும் உத்திதான். பழுக்கவைக்கும் அதே வாயு கீரையின் பச்சையத்தைச் சிதைக்கிறது, வெள்ளரிக்காயை மஞ்சளாக்குகிறது, இலைகளைக் காம்பிலிருந்து உதிர்க்கவும் செய்கிறது. ஆகவே பழக்கூடை ஒரு பக்கம், கீரை மறுபக்கம் இருக்கட்டும். முருங்கைக் கீரைக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். அதை இரவில் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாகவே உதிர்ந்து கிடக்கும், உருவும் வேலை மிச்சம். ஆனால் உதிர்ந்ததை அன்றே சமைத்துவிட வேண்டும்.