பிளாக் பார்க்க ஆஞ்சியோ வேண்டாம், மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, செங்கம் பக்கத்துக் கிராமம். ஆறு வருடமாக பிரஷர், சுகர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருடத்தில் மூன்று மாதம் பெங்களூரில் எங்களோடு இருப்பார். மாத்திரை தீர்ந்ததும் “நல்லாத்தானே இருக்கேன்” என்று விட்டுவிடுகிறார். தெரிந்த ஒருவர், சலுகை விலையில் ஆஞ்சியோகிராம் எடுக்கலாம், இதய ரத்தக்குழாயில் பிளாக் (அடைப்பு) இருந்தால் டிரிப்ஸ் ஏற்றிக் கரைக்கலாம் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், மடிவாளா, பெங்களூர்

வேண்டாம். நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஆஞ்சியோ எடுப்பதால் மாரடைப்பு தடைபடாது. கை அல்லது தொடை ரத்தக்குழாயில் டியூப் விட்டு, சாயம் செலுத்திப் பார்க்கிற சோதனை அது. கிட்னி பலவீனமான சுகர்காரருக்கு அந்தச் சாயமே வினையாகலாம். டிரிப்ஸில் கரையும் பிளாக் என்று எதுவும் கிடையாது. மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி போடுவார்கள். அந்தப் பெயரைக் கடன் வாங்கித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. இலவச இசிஜி முகாம், அடுத்து ‘பேக்கேஜ்’, அடுத்து அட்வான்ஸ் என்று போகும். உங்கள் ‘தெரிந்தவருக்கு’ ஆள் ஒன்றுக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாடிப்படி ஏறும்போது, தண்ணீர்க் குடம் தூக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் ஐந்து நிமிடத்தில் விட்டுப்போகிறதா? வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்றில்லை. தாடை, இடது கை, முதுகு, மேல்வயிறு எங்கும் வரலாம். சுகர் உள்ள பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டும் இருக்கலாம். போன மாதம் மூன்று மாடி ஏறியவர் இந்த மாதம் முதல் மாடியிலேயே உட்கார்ந்தால் அதுவும் இந்தக் கணக்குதான். அப்படியென்றால் இதய மருத்துவரிடம் நேராகப் போங்கள், இசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்தபின் ஆஞ்சியோ வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

இப்போது மாத்திரை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பதற்குக் காரணமே மாத்திரைதான். நிறுத்தினால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். ஊரிலிருந்து கிளம்புமுன் அம்மாவின் சிகிச்சை நோட்டையும் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். இங்கே பெங்களூரில் அரசின் ‘நம்ம கிளினிக்’கில் அதைக் காட்டினால் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் கூலிக்குப் போகிறவர் வேலையில் இருக்கிற நேரத்தில்தான் அதுவும் திறந்திருக்கும். ஒரு மாநிலத்து நோட்டை இன்னொரு மாநிலத்துக் கம்ப்யூட்டர் படிக்காது.  முடியாவிட்டால் டாக்டர் சீட்டோடு மத்திய அரசுத் திட்டத்தின் ஜன் ஔஷதி மருந்துக் கடைக்குப் போங்கள். பிரஷருக்கான ஆம்லோடிபின், சுகருக்கான மெட்பார்மின் போன்றவை அங்கே மலிவு. ஆம்லோடிபினால் கால் வீங்குகிறது என்று பலர் தாங்களாகவே நிறுத்துகிறார்கள்; மாற்று மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். நாற்பது தாண்டிய சுகர்காரருக்குப் பெரும்பாலும் அட்டோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரையும் வேண்டும். சீட்டில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஆஞ்சியோவுக்கு வைத்த பணத்தில் சிறு பங்குக்கு மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அளவு தப்பும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 130/80-க்குள் இருந்தால் நல்லது. பல நாள் 140/90-ஐத் தாண்டினால் டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும்.

உப்பை நாக்கால் அளக்க முடியாது, பாக்கெட்டால் அளக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ ஐம்பது நாள் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இதற்குள்தான். இந்துப்பு, கல்லுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுதான், விலைதான் வேறு.

மூட்டுவலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும். ஊரில் ‘உடனே கேட்கும்’ ஊசி பல நேரம் ஸ்டீராய்டு. அன்றே சுகர் எகிறும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அதை விடவேண்டும்.

திடீரென்று குப்பென வியர்த்து, நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-க்கு ஆம்புலன்ஸ் கேளுங்கள், இரு மாநிலத்திலும் அதே எண். ஊரில் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே எந்நேரமும் டாக்டர் இருப்பாரா என்பதை அம்மா நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.