உரத்தை எங்கே போடுவது?

கேள்வி: எங்கள் ரப்பர் மர நிலத்துண்டில் மாமா உரத்தை அடிமரத்தை ஒட்டியே கொட்டுகிறார். சரியா?
– வாசகி, நிபோங் திபால், பினாங்கு

பதில்: மாமா கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், வளர்ந்த மரத்துக்கு அது வீண் செலவு. ஆணிவேர் மரத்தைப் பிடித்து நிறுத்த நேராகக் கீழே இறங்கும். சத்தை உறிஞ்சும் நுண்வேர்களோ பெரும்பாலும் மேல்மண் 30 செ.மீ.க்குள் பக்கவாட்டில் ஓடி, அடுத்த வரிசை வேர்களோடு பின்னிக்கிடக்கும், அதனால் வரிசைகளுக்கு நடுவே பரவலாகத் தூவச் சொல்லுங்கள், கனமழை நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்புறம், பழைய மரக்கட்டைகள் மண்ணுக்குள் கிடக்கின்றனவா? வெள்ளை வேர் நோய்ப் பூஞ்சை அவற்றில்தான் தங்கி, வேரும் வேரும் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். இலை மஞ்சளித்து, மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறக் காளான் முளைத்துவிட்டால் அந்த மரம் பிழைப்பது கடினம். அதை வேரோடு அகற்றிவிட்டு, பக்கத்து மரங்களின் அடிமண்ணைக் கிளறி, வேரில் பூஞ்சை பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.